பீட்சாவும் புளித்தமாவும்

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாவைப் புளிக்க வைக்கும் கலை புதியதன்று. இரவில் அரைத்து வைத்த மாவு விடியற்காலையில் பொங்கி நிற்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். தில்லியின் தை மாதக் குளிரில் அம்மாவு அசையாமல் கிடப்பதும், பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைப்பதும் அங்கு வாழ்வோர் நன்கு அறிந்தவை. அண்மைக் காலத்தில் இவ்வில்லங்கள் சிலவற்றில் மற்றொரு பாத்திரமும் இடம்பெற்றிருக்கிறது. கோதுமை மாவையும் நீரையும் கலந்து, நாள்தோறும் புதுமாவு ஊட்டிப் புளிக்க வைத்து, அதனைக் கொண்டு பீட்சாவுக்கு வேண்டிய அடையை வீட்டிலேயே செய்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று நோயால் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், பல நாடுகளில் கடைச் சரக்கான ஈஸ்ட் கிடைப்பது அரிதாயிற்று. இப்பழக்கம் வேகமாகப் பரவியதற்கு அது ஒரு காரணம்.

இவ்வாறு செய்வோரைக் கேட்டால், இதுவே இத்தாலியரின் பழைய முறை என்று பெருமிதத்துடன் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கு வகுத்த இலக்கணத்தைப் புரட்டிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். 1 லிட்டர் நீர், 50 முதல் 55 கிராம் வரை உப்பு, 1.8 கிலோ மாவு, 3 கிராம் ஈஸ்ட் என்று அது அளவு சொல்கிறது. மரபைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட அவ்விதியில் புளித்தமா இல்லை. அவ்வாறாயின் மரபு என்பது எது? தொழிற்சாலையில் பிறந்த ஈஸ்ட் கட்டி எப்போது, எவ்வாறு மரபின் இருக்கையில் வந்து அமர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

புளித்தமா என்ற சொல்லை நாம் புதிதாகப் புனையவில்லை. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பொருள் எளிது. முன்பே புளித்த மாவில் ஒரு பகுதியை எடுத்துப் புதுமாவில் கலந்தால், அது முழுவதையும் புளிக்கச் செய்துவிடும். பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்றதே இது. இத்தாலியர் இதனைத் தாய்மாவு என்பர். நேப்பிள்ஸ் மக்கள் பேச்சிலோ இதற்குக் கிரிஷிட்டோ என்று பெயர். வளர்தல் என்னும் பொருள் தரும் வினையிலிருந்து பிறந்த சொல் அது.

அம்மாவினுள் இருவகை உயிர்கள் குடியிருக்கின்றன. ஒன்று ஈஸ்ட் என்னும் நுண்காளான். மற்றொன்று புளிப்பைத் தரும் பாக்டீரியா. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பாக்டீரியாவோ லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது; அவற்றுள் சில இனங்கள் வாயுவையும் விடும். கோதுமையில் உள்ள பசைப்பொருளான குளுட்டன் வலைபோல் விரிந்து அவ்வாயுவைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. மாவு உப்புவதும் அடுப்பில் அடையின் விளிம்பு எழும்புவதும் இதனாலேயே. நம் இட்டிலி மாவு இதற்கு நெருங்கிய உறவு. உடன்பிறப்பு என்று சொல்ல இயலாது. இட்டிலி மாவைப் பொங்கச் செய்வதில் முதலிடம் ஈஸ்டுக்கன்று, லூக்கனோஸ்டாக் மெசன்டராய்டிஸ் என்னும் பாக்டீரியாவுக்கே என்று 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே வாயுவைத் தாங்கிப் பிடிப்பதும் குளுட்டன் அன்று, உளுந்தின் வழுவழுப்பு.

ரொட்டியின் தொடக்கத்தைத் தேடி எகிப்து வரை செல்வோர் உளர். நமக்கு இன்று அவ்வளவு தொலைவு வேண்டா. நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையில் நின்றாலே போதும். கி.பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரைச் சாம்பலில் புதைத்தது. அந்நகரைத் தோண்டியபோது ரொட்டிச் சாலைகள் முப்பதுக்குக் குறையாமல் வெளிப்பட்டன. மோடெஸ்டஸ் என்பவருடையது எனப்படும் சாலையின் அடுப்பில், 81 ரொட்டிகள் கரிந்தும் வடிவம் குலையாமல் 1862-ஆம் ஆண்டில் கிடைத்தன. எட்டுத் துண்டாகப் பிய்த்துக்கொள்ள ஏற்றவாறு மேலே கோடு கீறிய வட்ட ரொட்டிகள் அந்நகரில் வழங்கின. அதே எரிமலைச் சீற்றத்தில் உயிர் நீத்தவர் மூத்த பிளினி என்னும் அறிஞர். ரொட்டி எப்படிப் புளிக்க வைக்கப்பட்டது என்பதை நமக்கு எழுதி வைத்துப் போனவரும் அவரே என்பது வரலாற்றின் விந்தை.

பிளினி தம் இயற்கை வரலாறு என்னும் நூலில் சொல்லும் முறைகள் பல. தினை வகை மாவைத் திராட்சைச் சாற்றுடன் பிசைந்து ஓராண்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கோதுமைத் தவிட்டைச் சாற்றில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தும் முறையையும் கூறுகிறார். ஆயினும் தம் காலத்தில் பெரும்பாலோர் இத்தொல்லையெல்லாம் படுவதில்லை. முதல் நாள் மாவில் சிறிது எடுத்து வைத்து மறுநாள் கலந்துவிடுகின்றனர் என்று முடிக்கிறார். கால் நாட்டவரும் ஸ்பெயின் நாட்டவரும் தானிய மதுவின் நுரையைக் கொண்டு மாவைப் பொங்க வைப்பதால், அவர்களுடைய ரொட்டி இலேசாக இருக்கிறது என்பதும் அவர் தரும் செய்தி. ஆக, புளித்தமா ஒருபுறம், மதுநுரை மற்றொருபுறம் என்ற இரு வழிகளும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து நின்றன. திராட்சை விளையும் நாட்டில் புளித்தமா. தானிய மது காய்ச்சும் நாட்டில் நுரை. இப்பிரிவை நினைவில் இருத்திக்கொள்வோம்.

பொம்பெயியில் 2023-ஆம் ஆண்டில் கண்டெடுத்த ஒரு சுவரோவியத்தில், வெள்ளித் தட்டின்மேல் தட்டையான ரொட்டியும் அதன்மேல் கனிகளும் காட்சியளிக்கின்றன. பீட்சாவின் பாட்டன் என்று செய்தித்தாள்கள் அதனைக் கொண்டாடின. பாட்டனாகவே இருக்கலாம், ஆனால் பெயரனின் முகச்சாயல் அதில் குறைவு. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில்தான். பீட்சா என்ற பெயர் அதனினும் பழையது. நேப்பிள்சுக்கு வடக்கே கடற்கரையில் உள்ள கயேத்தா நகரின் 997-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில், குத்தகைக்காரர் கிறிஸ்துமஸ் நாளில் 12 பீட்சாவும் ஈஸ்டர் நாளில் 12 பீட்சாவும் பேராயருக்குச் செலுத்த வேண்டும் என்று கண்டிருக்கிறது. நிலவரியாகச் சென்ற அந்த அடையின் உருவமோ சுவையோ நமக்குத் தெரிய வழியில்லை.

நாம் இன்று பீட்சா என்று அறியும் உணவு நேப்பிள்சின் ஏழைகள் ஆக்கியது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அது ஐரோப்பாவின் பெருநகரங்களுள் ஒன்று, நெருக்கடி மிகுந்தது. துறைமுகத்திலும் தெருக்களிலும் அன்றாடம் கிடைத்த வேலையைச் செய்து வாழ்ந்தோரை லாத்சரோனி என்றனர். வீட்டில் அடுப்பு மூட்ட இடமும் விறகும் இல்லாத அவர்களுக்குத் தெருவில் விற்ற அடையே உணவாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1843-இல் வெளியிட்ட பயண நூலில், இவர்கள் கோடையில் தர்ப்பூசணியும் குளிர்காலத்தில் பீட்சாவும் உண்டு வாழ்கின்றனர் என்று எழுதினார். எண்ணெய், பன்றிக் கொழுப்பு, பாலாடைக்கட்டி, தக்காளி, சிறுமீன் எனப் பலவகைப் பீட்சாக்கள் இருந்தன என்றும், அவற்றின் விலையைக் கொண்டே அன்றைய சந்தை நிலவரத்தை அறியலாம் என்றும் அவர் குறித்தார். ஊரின் நாடியை அடையைத் தொட்டுப் பார்த்தவர் அவர்.

இதனினும் கூர்மையாகப் பார்த்தவர் மத்தில்தே செராவோ என்னும் பெண் எழுத்தாளர். 1884-ஆம் ஆண்டில் நேப்பிள்சைக் காலரா சூறையாடியபோது, ஏழைகளின் குடியிருப்புகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் நூலாக வந்தன. அதில் வரும் பீட்சாவில் காவியச் சுவை ஏதும் இல்லை. கனத்த மாவு, வெளியே கருகி உள்ளே வேகாத அடை, சிறு பையன் ஒருவன் தெருமுனையில் பலகைமேல் பரப்பி நாளெல்லாம் விற்கும் துண்டுகள், அவற்றின்மேல் மொய்க்கும் ஈக்கள். அந்நூலில் ஒரு செய்தி நம் போன்றோர் கவனத்துக்குரியது. நேப்பிள்ஸ்காரர் ஒருவர் ரோமாபுரியில் பீட்சாக் கடை வைத்தார். அங்கே குடியேறியிருந்த நேப்பிள்ஸ் மக்கள் ஊர் நினைவால் திரண்டு வந்தனர். சில நாளில் கூட்டம் குறைந்தது, கடையும் நொடித்தது. தன் ஊர்த் தெருவை விட்டு வந்த பீட்சா வேற்றூரில் செரிக்கவில்லை என்பது செராவோ சொல்லும் காரணம்.

செராவோவின் காரணத்தை நான் முழுதும் ஏற்பதற்கில்லை. ஏனெனில் அடுத்த சில பத்தாண்டுகளில் அதே பீட்சா நியூயார்க்கில் வேர் கொண்டுவிட்டது. 1880 முதல் 1920 வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் மிகப் பலர் தென்னித்தாலியின் ஏழைகள். அவர்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் குடியிருந்தனர். ஒரே வேளையில் வேலை முடிந்து பசியோடு திரும்பினர். உண்பவர் கூட்டம் அங்கே நிலையாக இருந்தது. இன்னொன்றும் கருதத் தக்கது. வட இத்தாலியில் பீட்சா பரவலாக வழங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. பிறந்த நாட்டின் மற்றப் பகுதிகள் அறியுமுன்னரே, கடல் கடந்த பிள்ளைகளின் தெருவில் அது வாழ்வு பெற்றுவிட்டது.

இவ்வளவு பேரும் மேலிருக்கும் தக்காளியையும் பாலாடைக்கட்டியையும் வருணித்தனர்; அடியிலிருக்கும் மாவு எவ்வாறு பொங்கிற்று என்பதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றாடம் நடப்பதை யார் குறித்து வைப்பர்? ஆயினும் ஊகிக்க இடமுண்டு. நேப்பிள்ஸ் திராட்சை மது நாடு. தானிய மதுவின் நுரை அங்கே எளிதில் கிட்டுவதன்று. ஈஸ்ட் கட்டியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே விலைக்கு வந்தது. எனவே அதற்கு முந்திய பீட்சா அடை முதல்நாள் மாவால் புளித்தது என்று கொள்வதே பொருந்தும்.

புளித்தமாவுக்கும் மதுநுரைக்கும் இடையே நேர்ப்பூசல் மூண்டது நேப்பிள்சில் அன்று, பாரிஸ் நகரில். அங்கே பதினேழாம் நூற்றாண்டில் செல்வர் விரும்பிய ஒருவகை மென்ரொட்டியில் பாலும் மதுநுரையும் சேர்த்தனர். அழுகல் பொருளாகிய நுரை உடலுக்குக் கேடு என்று மருத்துவர் சிலர் முழங்கினர். 1668-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவக் கழகம் கூடி விவாதித்து, நுரைக்கு எதிராகவே பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 1670-இல் பார்லமெண்டு என்னும் உயர் நீதிமன்றம் தலையிட்டு, நுரை புதியதாக இருப்பின் பயன்படுத்தலாம் என்று விதித்தது. பிளினியோ இதற்கு நேர்மாறாக, புளித்த ரொட்டி உண்போர் உடல் வலிமை குன்றும் என்று எழுதியிருந்தார். எது உடலுக்குத் தீது என்பதில் ஒவ்வொரு காலமும் தனக்கொரு பகையைத் தேர்ந்துகொள்கிறது போலும்!

அப்பூசலில் மருத்துவர் வாதிட்டது நலத்தைப் பற்றி. ரொட்டித் தொழிலாளரின் உள்ளத்தில் இருந்ததோ உறக்கம். பிரெஞ்சு ரொட்டிச் சாலையில் புளித்தமாவைச் சில மணிக்கு ஒருமுறை புதுமாவு சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நள்ளிரவில் எழுந்து பிசைய வேண்டும். பெருந்தொட்டியில் மணங்குக் கணக்கில் மாவைக் கையால் பிசையும்போது எழும் முனகலை வைத்து, அத்தொழிலாளிக்கு முனகுவோன் என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று. புளித்தமா தளர்ந்துவிட்டால் அன்றைய ரொட்டி கெட்டது, ஊதியமும் போயிற்று. பழைய முறையைப் போற்றி எழுதும்போது இம்முனகலை நாம் மறந்துவிடலாகாது.

அறிவியல் மெல்ல வந்து சேர்ந்தது. 1680-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் மதுநுரையைக் கண்ணாடி வில்லையின் கீழ் வைத்து, அதில் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்பதை 1837-ஐ ஒட்டிய காலத்தில் மூவர் தனித்தனியே கூறினர். 1857-இல் லூயி பாஸ்டர் புளிப்பும் நுண்ணுயிரின் செயலே என்று காட்டினார். இதே காலத்தில் வியன்னா நகரத்துத் தொழிலறிஞர், நுரையை வடித்துப் பிழிந்து கட்டியாக்கும் முறையைத் திருத்தமாக அமைத்தனர். ஆஸ்திரியப் பேரரசிலிருந்து அமெரிக்கா சென்ற சார்லஸ் பிளைஷ்மன் 1868-இல் சின்சினாட்டி நகரில் ஈஸ்ட் தொழில் தொடங்கினார். 1876-இல் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் வியன்னா ரொட்டிச் சாலை ஒன்றை மாதிரிக்கு அமைத்து, சுடச்சுட ரொட்டி கொடுத்து மக்களைக் கவர்ந்தார். அன்று முதல் ரொட்டிக் கலைஞன் உயிர்மாவைப் பேண வேண்டிய தேவை நீங்கிற்று. காகிதத்தில் பொதிந்த கட்டி அவன் வீட்டு வாயிலுக்கே வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக உலர்ந்த ஈஸ்டும் உருவாயிற்று.

இப்போது நேப்பிள்சுக்குத் திரும்புவோம். 1889-ஆம் ஆண்டில் ராஃபேல் எஸ்போசிட்டோ என்பவர் அரசி மார்கெரீத்தாவுக்குத் தக்காளி, மொத்சரெல்லா, துளசியின் உறவான பசில் இலை மூன்றும் சேர்த்த பீட்சாவைப் படைத்தார் என்றும், அதனால் அதற்கு அரசியின் பெயர் வந்தது என்றும் சொல்வர். இதற்குச் சான்றாகக் காட்டும் கடிதத்தின் உண்மையை வரலாற்றறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். பாலாடைக்கட்டியும் பசில் இலையும் இட்ட பீட்சாவை 1858-இல் வெளியான நூலொன்றே வருணித்திருக்கிறது. அரசி உண்டதாகச் சொன்ன பிறகே ஏழையின் அடைக்கு மதிப்பு வந்தது என்பதுதான் இக்கதையில் நமக்குப் பயன்படும் பகுதி. 1984-இல் நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்கள் சங்கம் கண்டனர். 2010-இல் ஒன்றியத்தின் விதி வந்தது. 2017-இல் யுனெஸ்கோ அக்கலையை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இம்மரபை எழுதி வைத்த தலைமுறை, ஈஸ்ட் கட்டியோடு வளர்ந்த தலைமுறை. தந்தை செய்ததை அவர்கள் எழுதினர். பாட்டனாரின் மாவு ஏட்டில் ஏறாமல் போயிற்று. பிற்காலத்தில் அச்சங்கம் தன் விதியைத் திருத்தித் தாய்மாவுக்கும் இடம் தந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலந்தாழ்ந்து வந்தாலும் அது நியாயமான திருத்தமே.

புளித்தமா முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது தங்கிய இடங்களுள் ஒன்று கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ. 1849-ஆம் ஆண்டின் பொன்வேட்டைக் காலத்திலிருந்து அந்நகரம் புளித்த ரொட்டிக்குப் பேர்பெற்றது. பின்னர் அலாஸ்காவுக்கும் கிளாண்டைக்குக்கும் பொன் தேடிச் சென்றோர், குளிரில் மாவு உறைந்து சாகாமல் இருக்கப் புளித்தமாப் பையை உடலோடு அணைத்துக் காத்தனர் என்பர். அங்கே குளிர்காலம் கண்ட பழைய ஆட்களுக்குப் புளித்தமா என்பதே பட்டப்பெயராயிற்று. அந்நகரத்து ரொட்டியின் தனிச் சுவைக்குக் கடற்பனியே காரணம். வேறெங்கும் அது வாராது என்று ஊரார் உறுதியாக நம்பினர். அமெரிக்க அரசின் ஆய்வாளர் கிளைன், சுகிஹாரா ஆகியோர் 1970, 1971-ஆம் ஆண்டுகளில் அம்மாவை ஆராய்ந்தனர். அதில் இருந்த ஈஸ்ட், மாவில் மிகுதியாக உள்ள மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையைத் தொடுவதேயில்லை. உடன் வாழும் பாக்டீரியாவுக்கோ அதுவே உணவு. ஆதலால் இரண்டுக்கும் போட்டியில்லை. பாக்டீரியா விடும் அமிலத்தை அந்த ஈஸ்ட் தாங்கிக்கொள்கிறது. வேற்று உயிர்கள் உள்ளே வர அஞ்சுகின்றன. ஒரே வீட்டில் இரு குடித்தனம் சண்டையின்றி நடப்பது போன்ற ஏற்பாடு. பாக்டீரியாவுக்கு ஊரின் பெயரையே சூட்டினர்.

ஊர்ப் பெருமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா என்று மக்கள் மகிழ்ந்திருந்தனர். ஆனால் அதே பாக்டீரியா பின்னர் இத்தாலியிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் காணப்பட்டது. நான்கு கண்டங்களிலிருந்து வந்த 500 புளித்தமாக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாவில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன என்பதை முடிவு செய்வதில் ஊருக்குள்ள பங்கு மிகச் சிறிது என்று கண்டது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பல நாட்டு ரொட்டிக் கலைஞர்களுக்கு ஒரே வகை மாவு தந்து புளிக்க வைக்கச் சொன்னார்கள். விளைந்தவை ஒன்றுபோல் இல்லை. அக்கலைஞர்களின் கைகளைச் சோதித்தபோது, மாவில் வாழும் அமிலப் பாக்டீரியாக்கள் பிற மக்களின் கைகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தன. கை மாவுக்குக் கொடுத்ததா, மாவு கைக்குக் கொடுத்ததா என்று பிரித்தறிதல் எளிதன்று. கைப்பக்குவம் என்று நம் பாட்டிமார் சொன்னதில் இப்படியும் ஒரு பொருள் இருந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இதன் கிளைகள் உண்டு. கோவாவில் போர்ச்சுகீசியர் ரொட்டி சுட முனைந்தபோது ஈஸ்ட் கிடைக்கவில்லை. தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் பொங்க வைத்தனர். மும்பையில் நாம் உண்ணும் பாவ் என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ரொட்டியைக் குறிப்பதே. பழைய தில்லியின் கமீரி ரொட்டியில் உள்ள கமீர் என்பதும் புளிப்பூட்டும் மாவே.

இனி, இவ்வடையை இல்லத்தில் செய்ய விழைவோர்க்குச் சில சொற்கள். முழுக்கோதுமை மாவும் நீரும் சம எடையாகக் கலந்து வைத்து, நாள்தோறும் பாதியை நீக்கிப் புதுமாவும் நீரும் சேர்த்து வந்தால் ஏழு முதல் பத்து நாளில் புளித்தமா தேறும். இரண்டாம் நாளே அது பொங்கி ஆசை காட்டும், அதனை நம்பற்க. அது முதலில் வந்து போகும் பாக்டீரியாக்களின் ஆரவாரம்; பின் இரண்டொரு நாள் ஓய்ந்து கிடக்கும். அப்போது பலர் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகின்றனர். தொடர்ந்து ஊட்டி வந்தால், அமிலம் பெருகி ஈஸ்ட் நிலைகொண்டு, நான்கைந்து மணி நேரத்தில் இருமடங்காக எழும் வலிமை பெறும். பின்னர் 500 கிராம் மைதா, 320 கிராம் நீர், 100 கிராம் புளித்தமா, 10 கிராம் உப்பு என்ற அளவில் பிசைந்தால் நான்கு அடைகள் வரும். தில்லியில் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணியில் பொங்கும் மாவு, மார்கழியில் பத்து மணி கேட்கும். கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பார்க்க வேண்டும் என்பது இட்டிலி செய்வோர்க்குச் சொல்லித் தர வேண்டுவதன்று. பொங்கியபின் உருட்டிக் குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் வைத்தால் சுவை ஆழம் பெறும். மிகவும் நீட்டித்தால் அமிலம் மிகுந்து பசைவலை அறுந்து மாவு ஓடும்.

நேப்பிள்ஸ் விறகடுப்பின் வெப்பம் 485 டிகிரி சென்டிகிரேடு. அடை 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் 250 டிகிரிக்கு மேல் செல்வதரிது. கனத்த இரும்புத் தோசைக்கல்லை ஓவனில் முக்கால் மணி நேரம் காயவைத்து, அதன்மேல் அடையை இட்டால் எட்டு நிமிடத்தில் அடிப்பகுதி முறுகலாக வரும். மரக்கைப்பிடி இல்லாத கல்லாக இருக்க வேண்டும். இம்முறையில் செய்த அடை விரைவில் காய்ந்து போவதில்லை. ஆயினும் குளுட்டன் ஒவ்வாத நோயுடையோர்க்கு இதுவும் ஆகாது. புளித்தல் அதனை முழுதும் நீக்கிவிடுவதில்லை.

அடுத்த முறைக்கு வேண்டிய புளித்தமாவை, மாவில் உப்புச் சேர்க்குமுன்னரே ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிடுவது நல்லது. உப்பு அவ்வுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும். உப்பிடுமுன் பிசைந்த மாவைக் கொண்டே புளிப்புச் செய்ய வேண்டும் என்று பிளினியும் எழுதியிருக்கிறார்.